பால்மரக் காட்டுக் காய்ச்சல்கள் – 14: கொசுவின் பேரில் எழுதிய கணக்கு

1999-ஆம் ஆண்டின் தொடக்க வாரங்களில், போர்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக்கிலும் அதை அடுத்த சுங்கை நிப்பா கம்பத்திலும் கொசுவை ஒழிக்கும் வேலை முழுமூச்சாக நடந்துகொண்டிருந்தது. புகை மருந்து அடித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் போட்டார்கள். ஆனால் அங்கே ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்த நோயைக் கொண்டுவந்தது கொசு அன்று. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது, கையிலிருந்த எந்தச் செய்தி அதைத் தடுத்திருக்கும் என்று விளங்கிக்கொண்டால், டிங்கி எங்கே எப்போது பெருகும் என்று கணினியைக் கொண்டு சொல்ல முயலும் இன்றைய முயற்சிகளை எடைபோட நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் வரப்போவதைக் கணிக்கும் முறை, நிலைமை மாறாத வரைதான் பலிக்கும். நோயுற்றவர் யார், என்ன வேலை செய்கிறார், எந்த நிலத்தில் தூங்குகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்த முறைகளே நிலைமை மாறியபோதும் கைகொடுத்திருக்கின்றன. இதற்கான சான்றுகளைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. மலாயாத் தோட்டங்களின் நூறாண்டுப் பதிவுகளிலேயே அவை கிடக்கின்றன.

கிள்ளானிலிருந்து தொடங்குவோம். 1901 ஜனவரியில் அங்கே மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தவர் மால்கம் வாட்சன். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், வேலையாட்களும் அதிகாரிகளும் மலேரியாவில் விழுந்ததால், சில மாதங்களுக்குள் மூடிவிடலாமா என்ற நிலைக்கு வந்தது. வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டித் திருத்தச் சொன்னார். அவர் செய்த இன்னொரு காரியம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. கிள்ளான் மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகளை அவர் வசிப்பிடம் பார்த்துப் பிரித்து எழுதினார். 1901-இல் கிள்ளான் நகரத்தார் 334 பேர், துறைமுகத்தார் 188 பேர், வட்டாரத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் 197 பேர். 1905-இல் நகரத்தார் 12 பேராகவும், துறைமுகத்தார் 11 பேராகவும் குறைந்தார்கள். பிற பகுதியினரோ 353 பேராகப் பெருகினார்கள். மூன்று வரிகளையும் ஒன்றாகக் கூட்டியிருந்தால் 719 நோயாளிகள் 376 ஆகக் குறைந்தார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கும். மலேரியா ஏதோ பாதியாகத் தணிந்துவருகிறது என்று ஒருவர் ஆறுதல் கொண்டிருப்பார். அடுத்த ஐந்தாண்டைக் கணிக்கச் சொன்னால் இன்னும் குறையும் என்றே சொல்லியிருப்பார். நடந்ததோ வேறு. நகரத்தில் நோய் ஏறக்குறைய அற்றுப்போனது. புதிதாகக் காடு வெட்டி ரப்பர் நட்ட தோட்டங்களில் அது பெருகிக்கொண்டிருந்தது. அந்த 353 என்ற எண்ணுக்குள் கப்பலிலிருந்து அண்மையில் இறங்கிய தமிழர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். வரப்போகும் பத்தாண்டின் அழிவு அந்த ஒற்றை வரியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. 1911-இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியது.

நெகிரி செம்பிலான் அந்த நான்கு மாநிலங்களில் ஒன்று. 1891-இல் சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் இடையே போட்ட ரயில் பாதை முதலில் ஈயத்துக்காகப் போடப்பட்டது. பிறகு அதே பாதையின் இருபுறமும் ரப்பர் வந்தது. இந்த வட்டாரத்து நிலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லுக்குட், லிங்கி ஆற்று முகங்களில் கண்டல் சதுப்பு. அதற்குப் பின்னால் சமவெளி. சிலியாவ், ரந்தாவ் பக்கம் போகப்போகச் செம்மண் மேடுகளும் அவற்றுக்கிடையே ஓடும் சிற்றோடைகளும். மலாயாவின் மலேரியாக் கொசுக்களும் இப்படியே நிலம் பிரித்து வாழ்பவை. உப்புக் கலந்த கரையோரத் தண்ணீரில் ஒருவகை அனோபிலிஸ், காட்டு நிழலில் தேங்கிய சதுப்பில் இன்னொரு வகை, வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் மாக்குலேட்டஸ். கிள்ளான் சமவெளியில் காடு வெட்டினால் நோய் போயிற்று. அதே வேலையை மேட்டு நிலத்தில் செய்தபோது நோய் ஏறியது. காரணம், காட்டை வெட்டியதால் ஓடைமேல் வெயில் விழுந்தது; வெயில் விழுந்த ஓடையில் மாக்குலேட்டஸ் முட்டையிட்டது. குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் வேண்டும் என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களை ஓடையோரமாகவே கட்டியிருந்தார்கள். சமவெளியின் வெற்றியை அப்படியே மேட்டுக்கு நீட்டிக் கணித்தவர்கள் எல்லாரும் தவறினார்கள். அந்தத் தவற்றுக்குத் தமிழர் உயிர்கள் விலையாயின. ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய்களுக்குள் விட்டும், எண்ணெய் தெளித்தும் வாட்சன் பிறகு மேட்டு நிலத்துக்குத் தனி வழி கண்டார். எந்த நிலத்தில் எந்தக் கொசு என்று முதலில் கேட்டு, அந்தக் கொசுவுக்கு ஏற்ற வேலையை மட்டும் செய்வது என்பது அவரது நெறியாயிற்று.

வரப்போவதை அறிய அன்றைய தோட்டங்களில் என்ன கருவி இருந்தது? தோட்டத் துரையிடமும் அவரது எழுத்தரான கிராணியிடமும் செக்ரோல் எனும் வருகைப் பதிவேடு இருந்தது. காலைப் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை என்று அது சொல்லும். ஆஸ்பத்திரிப் பதிவேடு இருந்தது. இறப்புப் பதிவேடு இருந்தது. இவை மூன்றும் ஒரே விதத்தில் ஏமாற்றுபவை. ஓடிப்போனவர் வேறெங்கோ இறந்தால் இந்தத் தோட்டத்தின் கணக்கில் வரமாட்டார். வேலைக்கு லாயக்கற்றவர் என்று ஊருக்குக் கப்பலேற்றப்பட்டவர் திருச்சியிலோ சேலத்திலோ இறந்தால் மலாயாவில் எந்த ஏட்டிலும் வரமாட்டார். பெரட்டில் நிற்கிறவர் காய்ச்சலோடு நிற்கிறாரா என்று செக்ரோல் கேட்பதில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று நிற்கிறவர்கள் உண்டு. ஆகவே வாட்சன் பெரியவர்களை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் போனார். லயத்துக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அந்த முறை. குழந்தை ஓடிப்போவதில்லை, ஒப்பந்தத்துக்கு ஏற்ப இடம் மாறுவதில்லை, கூலிக்குப் பயந்து நோயை மறைப்பதில்லை. பத்துக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று தெரிந்தால், அந்த லயத்தில் அடுத்து வந்திறங்கும் ஆட்கள் எத்தனை பேர் படுப்பார்கள் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். லயத்துக்கும் காட்டுச் சதுப்புக்கும் உள்ள தூரத்தை இந்த விகிதத்தோடு பொருத்திப் பார்த்து, சமவெளியில் அரை மைல் விலகினால் குழந்தைகள் பெரும்பாலும் தப்புகிறார்கள் என்று அவர் கண்டார். மலாயாவில் கொசுநோயின் வருகையை முன்னறிய உருவான முதல் நம்பகமான அளவீடுகளில் ஒன்று தமிழ்க் குழந்தைகளின் வயிற்றில் எடுக்கப்பட்டது. அது அவர்களின் நலனுக்காக மட்டும் எடுக்கப்பட்டதன்று. ஆள் இறந்தால் தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. இருந்தும், அளவீடு சரியான இடத்தில் எடுக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் இரண்டு வேறு முயற்சிகள் நடந்தன. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், 1908-இல் மொரீஷியஸ் அறிக்கையிலும் பிறகு மலேரியாத் தடுப்பு பற்றிய தம் நூலிலும், கொசுக்களின் அடர்த்தி ஒரு வரம்புக்குக் கீழே போனால் நோய் தானே அற்றுப்போகும் என்று கணிதச் சமன்பாடுகளால் காட்டினார். இன்றைய தொற்றுநோய் மாதிரிகளுக்கெல்லாம் அதுவே வேர். மற்றது பஞ்சாபில் நடந்தது. 1908-இல் அங்கே மலேரியா கொள்ளைநோயாக எழுந்து சில மாதங்களில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. அதை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்பவர், மழை மட்டும் காரணமில்லை, அதற்கு முந்திய பஞ்சமும் விலையேற்றமும் மக்களின் உடலை ஒடித்து வைத்திருந்தன என்று 1911-இல் எழுதினார். கில் என்ற மருத்துவர் 1921 முதல் பஞ்சாபில் ஆண்டுதோறும் மலேரியா முன்னறிவிப்பு வெளியிடத் தொடங்கினார். அவர் சேர்த்த காரணிகளைப் பாருங்கள்: ஜூலை, ஆகஸ்ட் மழை, குழந்தைகளிடம் அதற்கு முன் எடுத்த மண்ணீரல் விகிதம், தானிய விலை. கோதுமை என்ன விலைக்கு விற்கிறது என்பது ஒரு கொசுநோயை முன்னறியும் காரணியாக இடம்பெற்றது என்பதை இன்று இத்துறையில் வேலை செய்யும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கொசு கடிப்பது எல்லாரையும். சாவது பட்டினி கிடந்தவர். அந்த உண்மை சூத்திரத்துக்குள் ஓர் இடம் பெற்றிருந்தது. சத்ய சுவரூப் என்ற புள்ளியியலாளர் இந்த முன்னறிவிப்புகளைப் பின்னர் எடுத்து நடந்ததோடு ஒப்பிட்டு 1949-இல் கட்டுரை வெளியிட்டார். சொன்னது நடந்ததா என்று திரும்பிச் சோதிக்கும் ஒழுக்கமும் நம் பக்கத்தில் அப்போதே இருந்தது.

இனி புக்கிட் பெலாண்டோக். 1998 செப்டம்பர் இறுதியில் பேராக்கின் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணையாளர்களிடையே கடுங்காய்ச்சலும் தலைவலியும் நினைவு தடுமாற்றமுமாக ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. சோதித்த இரத்த மாதிரிகளில் சிலவற்றில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் தென்பட்டது. அந்த நோய் மலாயாவுக்குப் புதிதில்லை. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பன்றியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவரும். பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, மூளைக்காய்ச்சல் இருக்கிறது. முடிவு எளிதாகத் தோன்றியது. கணக்கு கொசுவின் பேரில் எழுதப்பட்டது. இதற்கிடையே பேராக்கிலிருந்து பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. நோய் சிரம்பான் அருகே சிக்காமட்டுக்கும், பிறகு, அன்று நாட்டின் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்றாக இருந்த புக்கிட் பெலாண்டோக்குக்கும் வந்தது. மலேசியாவில் மொத்தம் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தவர்கள். சீனப் பண்ணைக் குடும்பங்களோடு அங்கே கூலி வேலை செய்த இந்தியத் தொழிலாளர் சிலரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வேலை இழந்தவர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பண்ணைக் கூலிகளையும் மறக்கக்கூடாது.

தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். அதுவே ஓர் எச்சரிக்கை. அதைவிடப் பெரிய எச்சரிக்கை நோயாளிகளின் வயதில் இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நிலைத்திருக்கும் நாடுகளில் அது முதன்மையாகக் குழந்தைகளின் நோய். பெரியவர்களிடம் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கும். இங்கே குழந்தைகள் அதிகம் விழவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த 94 நோயாளிகளைப் பற்றி 2000-இல் வெளிவந்த ஆய்வின்படி அவர்களின் சராசரி வயது 37. ஒரு பெண்ணுக்கு நான்கரை ஆண்கள் என்ற விகிதம். 93 விழுக்காட்டினர் பன்றிகளை நேரடியாகக் கையாண்டவர்கள். அதே கொசுக்கள் பறக்கும் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. மனிதருக்கு நோய் வரும் முன்பே பன்றிகள் மூச்சுத் திணறி, ஊரெல்லாம் கேட்கும்படி இருமின. கொசுதான் காரணம் என்றால் இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து முன்பு எவரும் பார்த்திராத வைரசைப் பிரித்தெடுத்த பிறகே தடுப்பு வேலை திசை மாறியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நோய் நின்றது. வைரசின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பதும், பன்றிக் கொட்டகைகளை ஒட்டி நட்ட பழ மரங்கள் இரண்டையும் சேர்த்துவைத்தன என்பதும் பின்னர் தெளிவாயின.

இது நோயை இனங்காண்பதில் நேர்ந்த தவறு, முன்கணிப்பில் நேர்ந்ததில்லை என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் முன்கணிப்புக்குக் கிடைக்கும் தீனியே இனங்கண்ட பெயர்தான். 1999 ஜனவரியில் இன்றைய இயந்திரக் கற்றல் கருவி ஒன்று சிரம்பான் சுகாதார அலுவலகத்தில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தலைப்பிட்ட எண்களையும், மழையையும், வெப்பத்தையும், கொசுப் பிடிப்பையும் அதற்குக் கொடுத்திருப்பார்கள். எண்கள் ஏறுவதை அது பார்த்திருக்கும். மேலும் ஏறும் என்று சொல்லியிருக்கும். அது பலித்தும் இருக்கும். பலித்ததால் அதன் மேல் நம்பிக்கை வலுத்திருக்கும். அந்த நம்பிக்கையோடு இன்னும் அதிகமாகப் புகை அடித்திருப்பார்கள். எண்ணிக்கையைச் சரியாகச் சொன்ன கருவி, செய்ய வேண்டியதைத் தவறாகச் சொல்லியிருக்கும். வயதும் தொழிலும் அந்தத் தரவுக்குள் நெடுவரிசைகளாக இருந்திருந்தால், பன்றி தொட்ட ஆண்களிடம் மட்டும் எண்கள் ஏறுகின்றன என்பதை மிக எளிய அட்டவணையே காட்டியிருக்கும். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை. கிள்ளானில் வாட்சன் மூன்று வரியில் செய்தது அதுதான்.

இப்போது டிங்கிக்கு வருவோம். மலேசியாவில் அது இன்று முதன்மையான கொசுநோய். 2019-இல் 1,30,101 பேருக்கு வந்தது, 182 பேர் இறந்தார்கள். ஒருவருக்கு நோய் உறுதியானதும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 200 மீட்டர் ஆரத்துக்குள் 14 நாளில் இரண்டாவது ஆள் விழுந்தால் அது நோய்ப்பெருக்கு எனப்படும். இந்தப் பதிவுகளோடு வாராந்தர மழை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைச் சேர்த்து, சில வாரம் முன்னதாகவே எண்ணிக்கையைச் சொல்ல இங்குள்ள பல்கலைக்கழகங்களில் பலர் முயன்றுவருகிறார்கள். பழைய காலத்தொடர்ப் புள்ளியியலிலிருந்து, ஆயிரக்கணக்கான முடிவு மரங்களை வளர்த்துச் சராசரி எடுக்கும் முறை, நரம்பு வலைப்பின்னல் வரை கருவிகள் பல. அடிப்படை உயிரியல் ஒன்றே. மழைக்குப் பின், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல். கொசு குடித்த வைரஸ் அதன் உமிழ்நீரை எட்ட எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். கடித்த பின் காய்ச்சல் வர நான்கிலிருந்து பத்து நாள். பிறகு கிளினிக், சோதனை, பதிவு. ஆக, இன்றைய மழையின் விளைவு பதிவேட்டில் தெரிய ஏறக்குறைய ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம் ஆகும். அந்த இடைவெளிதான் முன்கணிப்புக்குக் கிடைக்கும் வாய்ப்பு. சிங்கப்பூரில் இந்த வாய்ப்பை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். மூன்று மாதம் வரை முன்னோக்கும் புள்ளியியல் மாதிரி ஒன்றை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்து 2016-இல் வெளியிட்டார்கள். படுக்கைகளையும் ஆட்களையும் முன்கூட்டி ஒதுக்க அது உதவுகிறது. கருவியையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய்ப்பெருக்கு வந்த பிறகு புகை அடிக்க ஓடுவதைவிட, வரும் முன் தொட்டிகளைக் கவிழ்க்கப் போவது எவ்வளவோ மேல்.

ஆயினும் இந்தக் கருவிகளின் வலிமை எங்கே முடிகிறது என்று பார்க்க இரண்டு நிகழ்வுகள் போதும். 2015-இல் அமெரிக்க அரசு பெருவின் இக்கிட்டோஸ், போர்ட்டோரிக்கோவின் சான் ஹுவான் ஆகிய இரண்டு நகரங்களின் பல ஆண்டு டிங்கித் தரவைப் பொதுவில் வைத்து, யார் நன்றாகக் கணிக்கிறீர்கள் என்று போட்டி நடத்தியது. பதினாறு குழுக்கள் கலந்துகொண்டன. பருவம் தொடங்கும்போது, அதாவது முன்னறிவிப்பு மிகத் தேவையான நேரத்தில், திறன் குறைவாக இருந்தது. நோய் ஏறத் தொடங்கிய பிறகு கணிப்புகள் தேறின. தனியொரு மாதிரியைவிடப் பலவற்றைச் சேர்த்தெடுத்த கணிப்பே நம்பகமாக நின்றது. மற்றது கோவிட் ஊரடங்கு. மலேசியாவில் டிங்கி 2020-இல் 90,304 ஆகவும் 2021-இல் 26,365 ஆகவும் இறங்கியது. கடலிடுக்குக்கு அப்பால் சிங்கப்பூரிலோ 2020-இல் 35,315 என்று அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. மழையும் வெயிலும் இரண்டு நாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. கொசுவும் ஒன்று. மனிதர்கள் பகலில் எங்கே இருந்தார்கள், எந்த வகை வைரஸ் சுற்றியது, காய்ச்சல் வந்தவர் கிளினிக் போனாரா என்பவை வேறு. மழையையும் பழைய எண்ணிக்கையையும் மட்டும் படித்து வளர்ந்த ஒரு கருவிக்கு இந்த இரண்டு பாதைகளும் புரிந்திருக்க முடியாது.

காரணம் புரிய வேண்டிய அவசியம் என்ன, தரவு போதுமான அளவு இருந்தால் கருவி தானே கண்டுகொள்ளும் என்று சொல்வோர் இத்துறையில் பலர். பெரிய நகரத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். பெட்டாலிங் ஜெயாவிலோ கிள்ளானிலோ வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் பதிவாகும்போது ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். போர்டிக்சன் போன்ற வட்டாரத்தில் எண்கள் சிறியவை. ஒரு வாரம் இரண்டு பேர், அடுத்த வாரம் ஏழு பேர் என்றால் அந்த ஏற்றம் நோயினாலா தற்செயலா என்று கணிதம் பிரித்தறிய முடியாது. அதனால் மாதிரிகள் சிறிய வட்டாரத்துக்குப் பெரிய நகரத்தின் பழக்கத்தையே கடன் வாங்கிக் கொடுக்கின்றன. மேட்டு நிலத்துக்குச் சமவெளியின் கணக்கை நீட்டிய அதே வேலை. இன்னொரு சிக்கலும் இந்த ஊருக்கே உரியது. சனி ஞாயிறு வந்தால் கோலாலம்பூர்க்காரர்கள் கடற்கரைக்கு இறங்கிவிடுகிறார்கள். இங்கே கடிபட்டவருக்கு அடுத்த வாரம் செராஸில் காய்ச்சல் வரும். செராஸின் பேரில் பதிவாகும். அங்கே கடிபட்டவர் இங்கே வந்து ஒரு கொசுவுக்கு வைரஸ் கொடுத்துவிட்டுப் போவார்; அந்தக் கொசு கடித்தவர் இங்குள்ள விடுதியில் துப்புரவு வேலை செய்பவராக இருப்பார். வசிப்பிட முகவரியை மட்டும் வைத்துக் கணக்கிடும் கருவி இரண்டு இடத்திலும் தவறாகவே கற்கும். ஆள் எங்கே வேலை செய்கிறார், பத்து நாளில் எங்கெல்லாம் இருந்தார் என்று கேட்டு எழுதும் சுகாதாரப் பணியாளர் ஒருவரின் அரை மணி நேரம், இந்த வட்டாரத்தில் புதிய வழிமுறை ஒன்றைவிட அதிகம் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாகத் தோட்டங்கள். மனிதருக்கே உரிய மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் பரவவில்லை. அது மிகப் பெரிய சாதனை; வாட்சன் காலத்துப் புதைகுழாய்களிலிருந்து தொழிலாளரை நிறுத்திக் கொய்னா கொடுத்த வரிசை வரை எத்தனையோ கைகள் அதில் உண்டு. ஆனால் குரங்குகளிடம் வாழும் நோலெசி மலேரியா, காட்டோரமும் செம்பனையோரமும் வேலை செய்பவரை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பிடிக்கிறது. 2004-இல் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் சரவாக்கின் காப்பிட்டில் இதை அம்பலப்படுத்தும் வரை, நுண்ணோக்கியில் பார்த்து வேறு மலேரியா என்றே எழுதிவந்தார்கள். பெயர் மாறி எழுதப்பட்ட கணக்கு இங்கும் உண்டு. யாரைப் பிடிக்கிறது என்று பார்த்தால் முதன்மையாக வேலை வயதுள்ள ஆண்கள், காட்டிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள். இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். தமிழர்கள் இருந்த அதே லயங்களில் பல இன்று அவர்கள் கையில்.

இவர்களின் தொழிலையும் இருப்பிடத்தையும் தரவில் சேர்த்தால், நோயை மட்டுமா தேடுவார்கள், ஆளையும் தேடுவார்களே என்பது இந்த வாதத்துக்கு எழும் மிகக் கடுமையான மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். செக்ரோல் எண்ணியதே ஆளைக் கட்டிவைக்கத்தான் என்பதை முந்திய பகுதிகளில் பார்த்தோம். எண்ணப்படுவதற்கு அஞ்சக் காரணம் உள்ளவர்களிடம் தங்களை எண்ணவிடச் சொல்வது எளிதன்று. ஆனால் பதிவில் சேர்க்காமல் விட்டால் அவர்கள் காப்பாற்றப்படுவதில்லை, கணக்கிலிருந்து மறைகிறார்கள், அவ்வளவே. செய்யத்தக்கது, சுகாதாரப் பதிவுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் இடையே சட்டத்தால் சுவர் எழுப்புவது. பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இல்லாமல், வயது, பால், வேலை, இரவு தங்கும் இடம் என்ற நான்கை மட்டும் எடுப்பது. நடப்பது இதற்கு நேரெதிர். ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001-இல் சுகாதார அமைச்சே சுற்றறிக்கை விட்டது. வெளிநாட்டவர் அரசு மருத்துவமனையில் கட்ட வேண்டிய கட்டணமும் அதன் பிறகு உயர்ந்தது. சிலியாவ் பக்கத்துத் தோட்டத்தில் காய்ச்சலோடு படுத்திருப்பவர் கடையில் வாங்கிய பாராசிட்டமோலோடு நான்கு நாள் கிடப்பார். பிழைத்தால் பதிவேட்டில் வரமாட்டார். எந்தக் கருவி அந்தப் பதிவேட்டைப் படித்தாலும் நோய் பெருகும் அந்த லயங்களை ஆபத்தில்லாத பச்சை நிறத்தில்தான் வரைபடத்தில் காட்டும். புகை மருந்து வண்டியும் பரிசோதகரும் பச்சை நிறம் பூசிய இடத்துக்குப் போவதில்லை.